இன்னும் ஏறுமா, தம்பி?

ஆற்றங்கரையில் போய் நின்றதும் ஒரு சாப்பர், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரன், கண்ணில் முதலில் படுவது அகலம். அப்புறம் ஆழம், ஓட்டத்தின் வேகம், இரு கரைகளின் உயரம், அடியில் இருப்பது மணலா பாறையா சேறா, இந்தப் பக்கம் வண்டி இறங்குமா, அந்தப் பக்கம் ஏறுமா. புனே ராணுவப் பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். எங்கள் பேச்சில் ஆற்றுக்கு 'வெட் கேப்' என்று பெயர். தண்ணீர் இல்லாத ஓடை என்றால் 'டிரை கேப்'. இரண்டுமே தாண்ட வேண்டிய இடைவெளிகள், அவ்வளவுதான்.

வேகம் அளக்கக் கருவி கையில் இல்லையென்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. கரையோரமாக முப்பது மீட்டர் அளந்து இரண்டு கம்பு நடுவோம். மேல்கம்புக்குச் சற்று முன்னால் ஒரு சுள்ளியை நடு ஆற்றில் வீசிவிட்டு, அது இரண்டு கம்புகளுக்கும் நேராக வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். இருபது விநாடி என்றால் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டு, பேனல்களைப் பூட்டி நிறுத்துகிற பெய்லி இரும்புப் பாலத்துக்கு எத்தனை பேனல் வேண்டும், அது எத்தனை மணிக்கு நிற்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். பாலம் நிற்கும், வண்டிகள் போகும், ஒரு நாள் பாலத்தையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவோம். அந்தத் தண்ணீர் எங்கெங்கே பெய்த மழை, எத்தனை ஏரி தாண்டி வருகிறது என்பதற்கு அந்த நோட்டில் இடமே இல்லை.

இத்தனைக்கும் நான் லால்குடிப் பக்கத்துக்காரன். கொள்ளிடத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று மேட்டூர்ச் செய்தி கேட்டே சொல்லிவிடுகிற ஆட்களுக்கு நடுவில் வளர்ந்தவன். மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து சில வருடங்களில் அந்தப் புத்தி எனக்கு மங்கிப்போயிருந்தது. அது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில்தான் எனக்கே தெரிந்தது.

டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. விமான நிலையம் மூடிக்கிடந்தது. எங்கள் குழுவுக்கு முடிச்சூர்ப் பக்கம் ஒதுக்கப்பட்டது. நான் அப்போது கேப்டன். ரப்பர் படகுகள், ஓபிஎம் என்று நாங்கள் சொல்லும் வெளிமோட்டார்கள், லைஃப் ஜாக்கெட்டுகள், கயிறு. ஆற்றைத் தாண்டப் பழகியவர்களுக்குத் தெருவுக்குள் படகு ஓட்டுவது புதிது. காம்பவுண்டுச் சுவரின் கூர்க்கம்பிகள் தண்ணீருக்குள் எந்த ஆழத்தில் நிற்கின்றன என்று தெரியாது. ரப்பரைக் கிழித்துவிடும். முதல் அரை மணி நேரத்திலேயே மோட்டார் விசிறியில் கேபிள் டிவி வயர் சுற்றிக்கொண்டது. ஹவில்தார் ஒருவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து அதை வெட்டி எடுத்தார். அதற்கப்புறம் துடுப்புதான்.

ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, அவருடைய மாமியார், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன். மாமியாருக்கு இடுப்பு முடியாது. படகில் இறக்குவது கஷ்டம். அந்த அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி இன்னும் ஏறுமா, தம்பி? ஏறாதுன்னா நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

மெட்ராஸ் சாப்பர்களை ராணுவத்தில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பல தலைமுறையாக ஒட்டிக்கொண்ட பெயர். அன்று அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தெருவில் அந்த நேரம் ஆழம் எவ்வளவு என்று துடுப்பை இறக்கிப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இன்னும் மூன்று மணி நேரத்தில் அது கூடுமா குறையுமா என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. "எதுக்கும் வந்துடுங்கம்மா" என்றேன். நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி மாமியாரை இறக்கினோம். படகில் ஏறிய பிறகு அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார்: "இது செம்பரம்பாக்கத்துத் தண்ணியா?" செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்த வெள்ளம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஆமாம்மா, அப்படித்தான் சொல்றாங்க" என்றேன்.

நான் சொன்னது தப்பு. அது தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

ராணுவம் தன் பொறியாளர்களைச் சம்பளத்தோடு மேல்படிப்புக்கு அனுப்புவதுண்டு. கட்டமைப்புப் பொறியியல் எடுத்தால் பின்னால் பயன்படும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். நான் நீரியல் எழுதிக் கொடுத்தேன். 2017-இல் ரூர்க்கி ஐஐடியில் இடம் கிடைத்தது.

நீரைப் படிக்கப் போகிற ஒரு ராணுவக்காரனுக்கு ரூர்க்கியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். வளாகத்தை விட்டு வெளியே வந்தால் கங்கைக் கால்வாய். 1842-இல் வெட்டத் தொடங்கி 1854-இல் திறந்தார்கள். கட்டிய ப்ரோபி காட்லி வங்காளப் பீரங்கிப் படை அதிகாரி. அந்த வேலைக்கு ஆள் பழக்கத்தான் 1847-இல் அங்கே ஒரு பொறியியல் கல்லூரி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைய ஐஐடி. ஊருக்கு வெளியே சோலானி ஆற்றின் மேல் கால்வாய் ஒரு பெரிய செங்கல் பாலத்தில் போகிறது. கீழே ஆறு, மேலே கால்வாய், முனைகளில் சிங்கச் சிலைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். பெங்கால் சாப்பர்ஸின் தலைமையகமும் அதே ஊர்தான். காலையில் அவர்கள் ஓடும் சத்தம் கேட்கும்போது, முதுகில் லேப்டாப்போடு வகுப்புக்குப் போகிற எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

காட்லியின் கால்வாய் நம் ஆர்தர் காட்டனுக்குப் பிடிக்கவில்லை. 1860-களில் இருவருக்கும் அச்சிலேயே பெரிய சண்டை நடந்தது. கால்வாயின் தலைப்பை எடுத்த இடம் தப்பு என்றார் காட்டன். சரிவு அதிகம் என்பதும் ஒரு குறை. தண்ணீர் வேகம் கூடிக் கால்வாயின் தரையையே அரித்தது உண்மைதான். காட்டன் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் அதிகாரி, அதாவது எங்கள் வம்சம். 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியவர். ஆழம் தெரியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த வரியை ரூர்க்கி நூலகத்தில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் ஆற்றோடு போயின. அப்பாதான் போன் செய்தார். "காட்டன் கட்டினது போயிடுச்சுடா" என்றார், வீட்டில் யாரோ போன மாதிரி. நான் அப்போது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்தேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் செமஸ்டரில் எங்கள் பேராசிரியர் எதற்கும் கேட்கிற ஒரே கேள்வி, "தண்ணீர்க் கணக்கு நேராகிறதா?" வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, தங்கியது எவ்வளவு. வீட்டுச் செலவு நோட்டு மாதிரி. இதில் இடித்தால் மற்றதெல்லாம் வீண். ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். தாம்பரத்தில் அன்று பெய்த 49 சென்டிமீட்டரை ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 4.9 லட்சம் கன மீட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 40,800 லாரி. 2019 கோடையில் ஒரு லாரிக்காகச் சென்னைத் தெருக்களில் குடம் வைத்துக் காத்திருந்ததைப் பார்த்தபோது இந்தக் கணக்குதான் மனதில் ஓடியது.

அந்த 40,800 லாரியும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வராது. வயலில் பெய்தது நின்று நிதானமாக வரும். தாரிலும் மொட்டை மாடியிலும் பெய்தது ஓடி வரும். மழை எப்படிப் பெய்தது என்பதிலிருந்து ஆற்றில் எந்த மணிக்கு எவ்வளவு வரும் என்று வரைகிற கோட்டுக்கு நீர்வரைபு என்று பெயர். ஷெர்மன் என்கிற அமெரிக்கப் பொறியாளர் 1932-இல் சொன்ன முறையிலிருந்துதான் பாடம் தொடங்கும். அங்கே வந்த அலை கீழே போகப் போக எப்படித் தட்டையாகித் தாமதமாகிறது என்பது அடுத்த பாடம். அதற்கு மஸ்கிங்கம் முறை என்று ஒன்று. ஒஹையோவில் உள்ள ஓர் ஆற்றின் பெயர் அது. 1930-களில் அந்த ஆற்றின் வெள்ளத் தடுப்பு வேலையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையினர் உருவாக்கியது. வெள்ளத்துக்காக உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஹெக்-ராஸ் மென்பொருளும் அவர்களுடையதுதான். கலிபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் 1964-இல் அவர்கள் ஆரம்பித்த நீரியல் மையத்திலிருந்து வருகிறது. இலவசமாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது தவிர எங்களைப் போன்ற ராணுவப் பொறியாளர்களுக்கு இப்படியும் ஒரு வேலை இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

அந்த மென்பொருளின் உள்ளே ஓடுவது செயின்ட் வெனான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1871-இல் வெளியிட்ட இரண்டு சமன்பாடுகள். ஒன்று அதே தண்ணீர்க் கணக்கு. இன்னொன்று தண்ணீரைத் தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும். அவர் 1814-இல் பாரிஸில் மாணவர். எதிரிப் படை நகரை நெருங்கியபோது மாணவர்களையும் ஆயுதம் எடுக்கச் சொன்னார்கள். நெப்போலியனுக்காகச் சண்டை போட என் மனசாட்சி இடம் கொடுக்காது என்று மறுத்துவிட்டார். வயது 16. கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டார்கள். சீருடை போட்ட நான் ஒவ்வொரு இரவும் அந்தப் பையனின் சமன்பாடுகளோடு உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

ஆய்வுக்கு, முடிச்சூர்ப் பக்கமாக ஓடுகிற அடையாற்றை எடுத்தேன். வகுப்பில் உத்தராகண்டுக்கார நண்பர் ஒருவர் 2013-இல் கேதார்நாத்தை அடித்த மந்தாகினியை எடுத்திருந்தார். அவரவர் காயம் அவரவருக்கு.

அடையாற்றில் முதல் சிக்கல் தரை. எந்த இடம் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ரயில் நிலையப் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைச் சின்ன வயதில் வேடிக்கையாகப் படித்திருப்போம். அந்த எண் எனக்கு ஆற்றோரம் முழுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உலக உயர வரைபடம், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று ரேடாரால் எடுத்தது. இமயமலைக்கு அது போதும். முடிச்சூருக்குப் போதாது. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். மேலும் ரேடார் பார்ப்பது தரையை மட்டும் அல்ல, மரத்தின் உச்சியும் வீட்டின் கூரையும் சேர்ந்துதான். அதை அப்படியே ஆற்றின் கணினி மாடலில் போட்டால் வீடு நெருங்கிய தெருக்கள் மேடாகி, தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. நான் படகு ஓட்டிய தெரு என் திரையில் காய்ந்து கிடந்தது.

பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "நீ சர்வே தெரிந்தவன்தானே?" என்று மட்டும் கேட்டார்.

2018 டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கு வந்தேன். உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவி, முக்காலி, அளவுக்கோல், கூட வர என் சித்தி பையன். ஆற்றின் குறுக்கே இத்தனை மீட்டருக்கு ஒருமுறை வெட்டுமுகம், அதாவது கரையிலிருந்து கரைக்குத் தரை ஏறி இறங்கும் வடிவம், எடுப்பது ஒரு வேலை. வெள்ளக் குறி தேடுவது இன்னொரு வேலை. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இரண்டாவது.

வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கு அரசாங்க அளவுகோல் எல்லா இடத்திலும் இருக்காது. வீடுகள் இருக்கும். ஆனால் எல்லாக் குறியையும் நம்பக்கூடாது. வெளிச்சுவரில் இருப்பது அலையும் தெறிப்பும் சேர்ந்தது. நிஜத்தைவிட உயரமாகக் காட்டும். தண்ணீர் வேகமாக மோதிய பக்கத்துச் சுவரில் இன்னும் உயரம். அசையாமல் நின்ற தண்ணீர் விட்ட குறிதான் வேண்டும். அது வீட்டுக்குள்தான் கிடைக்கும். பீரோவின் பின்பக்கம் துருக் கோடு. பூஜை அறைக் கதவின் உள்மூலை. மாட்டியபடியே விட்டுவிட்ட காலண்டரில் முருகனின் முழங்கால் வரை பழுப்பு நிறம். பெரும்பாலான வீடுகளில் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது, யாருக்கு அதைத் தினமும் பார்க்கப் பிடிக்கும்? வீடு வீடாகக் கதவைத் தட்டி, காரணம் சொல்லி, சமையலறை வரை போய்ப் பார்த்தோம். ஒருவர்கூட வெளியே போ என்று சொல்லவில்லை. காப்பி குடித்துக் குடித்து சித்தி பையனுக்கு வயிறு கெட்டது. மொத்தம் 41 குறிகள் சேர்ந்தன.

அந்த அம்மாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாடிக் கைப்பிடிச் சுவர்தான் அடையாளம். கதவைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ரப்பர் போட்ல வந்த தம்பிதானே?" என்றார். மாமியார் முந்தைய வருடம் தவறிவிட்டிருந்தார். சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கை அகலச் சுவரை மட்டும் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். அதில் மார்க்கர் பேனாவால் நேராக ஒரு கோடு, மேலே '2.12.15'. பையன் போட்டது. நான் அளவுக்கோலை நிறுத்த, சித்தி பையன் வாசலிலிருந்து கருவியில் பார்த்துப் படித்தான். தரையிலிருந்து கோடு 1.64 மீட்டர். அந்த அம்மாவுக்கு அது கண் உயரம்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. இது செம்பரம்பாக்கத்துத் தண்ணி இல்லை."

வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிற விஷயம் அது. அடையாற்றுக்கு இரண்டு கை. ஒரு கை செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வருகிற கால்வாய். இன்னொரு கை தெற்கே, கூடுவாஞ்சேரி நந்திவரம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், ஆதனூர் ஏரிகளின் கலங்கல் தண்ணீர், அதாவது ஏரி நிறைந்தால் வழிந்து போகிற இடத்துத் தண்ணீர். மேற்கே மணிமங்கலத்திலிருந்தும் வந்து சேரும். இரண்டு கையும் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சந்திப்புக்கு மேலே, தெற்குக் கையில் இருக்கின்றன. டிசம்பர் 1 மாலைக்கு மேல் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த 29,000 கனஅடி, அதாவது விநாடிக்கு 820 கன மீட்டருக்கு மேல், திருநீர்மலைக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பெரிய அடி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் முடிச்சூரை மூழ்கடித்தது அதன் தலைக்கு மேலே இருக்கிற ஏரிகள். ஒன்று நிறைந்து அடுத்ததில் விழுந்து, அது நிறைந்து அதற்கடுத்ததில் விழுந்து, கடைசியில் ஆற்றில் இறங்குகிற சங்கிலி. நடுவில் கால்வாய் மேல் வீடு வந்துவிட்டால் தண்ணீர் வீட்டு வழியாக வரும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார் அந்த அம்மா. அப்புறம் சொன்னார்: "யார் தண்ணியா இருந்தா என்ன தம்பி? எப்ப வரும், எதுவரை வரும்னு சொல்ல முடியுமா? அதுதான எங்களுக்கு வேணும்."

ரூர்க்கிக்குத் திரும்பி ஆய்வின் நோக்கத்தை மாற்றி எழுதினேன். அதுவரை யார் காரணம் என்று பிரிக்கிற கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. இனி அந்தந்த இடத்தில் எந்த மணிக்குத் தண்ணீர் வரும், எந்த உயரத்தில் நிற்கும் என்பதுதான் கேள்வி. பேராசிரியர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாடலின் முதல் ஓட்டத்தில் அந்தச் சமையலறைச் சுவரில் தண்ணீர் கோட்டுக்கு 70 சென்டிமீட்டர் கீழே நின்றது. மழையைச் சரிபார்த்தேன். கலங்கல்களின் நீளத்தைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் நான் எடுத்த போட்டோக்களை மறுபடி புரட்டினேன். ஆற்றின் இரு பக்கமும் சீமைக் கருவேலம். பாலங்களின் கண்களில் ஆகாயத்தாமரை. நான் மாடலில் போட்டிருந்ததோ சுத்தமான ஆற்றுக்குரிய எண். மேனிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889-இல் கொடுத்த சூத்திரத்தில் ஓடுபாதையின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. வெட்டிச் சுத்தம் செய்த ஆற்றுக்கு 0.03 என்றால், புதர் அடர்ந்த கரைக்கு 0.10 வரை போகும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். அகலமான ஆற்றில் அதே அளவு தண்ணீர் போக வேண்டுமென்றால் ஆழம் கிட்டத்தட்ட இரு மடங்காக வேண்டும். ஒரு முள்மரத்துக்கு அவ்வளவு சக்தி. கரையில் எங்கெங்கே புதர், எங்கெங்கே வெட்டவெளி என்று போட்டோவை வைத்துப் பிரித்துப் பிரித்து எண்களை மாற்றியதும் தண்ணீர் ஏறி, கோட்டுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

இதில் ஏமாந்துபோகவும் வழி உண்டு. அந்த எண்ணை இஷ்டத்துக்குத் திருகி எந்த விடையையும் வரவழைக்கலாம். அதனால்தான் 41 குறிகளில் 21-ஐ மட்டும் வைத்துச் சரிசெய்துகொண்டு, மீதி 20-ஐத் தொடாமல் மூடி வைத்திருந்தேன். அவற்றோடு ஒப்பிட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும்பாலானவை ஒட்டி வந்தன. மூன்று ஒட்டவே இல்லை. மூன்றுமே ஒரே தெரு. அங்கே ஒரு சிறுபாலம் இருந்திருக்கிறது. சாலை போட்டபோது மண் மூடிப் போனது. மாடலில் அதை நான் திறந்தே வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரரிடம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு தகவல் எந்த விண்கலத்திலிருந்தும் வராது.

நூறு வருட வெள்ளம் என்ற சொல்லைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்தச் சொல் நிறைய பேரை ஏமாற்றுகிறது. 2015-இல் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று அங்கே வீடு வாங்கியவர்களே என்னிடம் சொன்னார்கள். அதன் பொருள், எந்த வருடத்திலும் அந்த அளவு வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். போன வருடம் வந்ததா என்று மழைக்குத் தெரியாது. 30 வருட வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. வங்கி மேலாளர் இதைச் சொல்லமாட்டார். யாராவது சொல்ல வேண்டும்.

2019-இல் ஆய்வேடு கொடுத்துவிட்டுப் படைக்குத் திரும்பினேன். அதற்கு முன் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை போட்டு, அந்த அம்மாவின் பையனுக்குத் தமிழில் அனுப்பினேன். எந்த ஏரியின் கலங்கல் எவ்வளவு ஓடினால், தாம்பரத்தில் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மழை விழுந்தால், அவர்கள் தெருவில் என்ன எதிர்பார்க்கலாம் என்று. இது என் கணக்கு மட்டும்தான், அரசு எச்சரிக்கை வந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் நான் வடகிழக்கில் ஒரு மலைமேல் இருந்தேன். 4-ஆம் தேதி காலை அந்தப் பையனிடமிருந்து போன். இப்போது அவன் வேலைக்குப் போகிறான். "சார், விடிய விடிய மழை. ஆதனூர்க் கலங்கல்ல முழங்காலுக்கு மேல போகுதுன்னு, ஏரித் தண்ணி பாத்துக்கற நீர்க்கட்டி தாத்தா சொல்றார். அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க." பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "இன்னும் ஏறுமான்னு கேளுடா."

லேப்டாப்பைத் திறந்தேன். தாம்பரத்து மழை அளவு இணையத்தில் இருந்தது. பழைய கோப்பு ஓடி முடிய 20 நிமிடம் ஆனது. 2015-க்குப் பிறகு ஆற்றைச் சில இடங்களில் அகலப்படுத்தியிருக்கிறார்கள். என் வெட்டுமுகங்கள் பழையவை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன். "ஏறும். சாயங்காலத்துக்குள்ள வாசலுக்கு வரலாம். பழைய கோடு வரைக்கும் வராதுன்னு நினைக்கிறேன். ஆனா வண்டியையும் அரிசியையும் இப்பவே மேல ஏத்திடுங்க. கரன்ட் மெயினை நிறுத்திடுங்க."

அன்று இரவு சிக்னல் இல்லை. மறுநாள் மதியம் ஒரு போட்டோ வந்தது. அதே சிலிண்டர் மூலை. பழைய மார்க்கர் கோட்டுக்கு வெகு கீழே, பென்சிலில் புதிதாக ஒரு கோடு, '4.12.23, ராத்திரி 9'. எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரியவில்லை. டேப் வைத்து இன்னொன்று எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் வந்தது. அம்மாவின் தையல் டேப்பை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் அதன் நுனியை அவருடைய கால் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. பென்சில் கோட்டுக்கு நேராக 31 என்று படித்தேன்.